சம வலிமையுடைய இருவர் ஆடும் சதுரங்கம்: திறனை அளப்பது எவ்வாறு?

இரு பொருள்களில் கனமானது எது என்று அறியத் தராசு இருக்கிறது. இரு வயல்களில் கூடுதல் விளைச்சல் தந்தது எது என்று அறிய அளவைகள் இருக்கின்றன. இரு மனிதர்களில் சதுரங்கம் ஆடுவதில் வல்லவர் யார் என்று அறிய வேண்டுமானால், இருவரையும் பலகையின் முன் அமர்த்தி ஆட விடுவதே வழி என்று எவரும் கூறுவர். இருவருக்கும் இடையே திறமையில் பெரிய வேற்றுமை இருக்குமாயின் இவ்வழி போதுமானதே. பல ஆண்டுகள் பயின்றவருக்கும் காய்களின் நகர்வை நேற்றுக் கற்றவருக்கும் இடையே ஓர் ஆட்டம் நடந்தால், அதன் முடிவு பெரும்பாலும் உண்மையையே கூறும்.

ஆனால் இருவரும் ஏறத்தாழச் சம வலிமை உடையவர்களாயின் நிலைமை வேறு. ஒரே சங்கத்தில் பல காலமாக ஆடி வருபவர்கள், ஒரே பள்ளியின் இரு சிறந்த மாணவர்கள், ஒரே அலுவலகத்தின் இரு ஊழியர்கள் ஆகியோர் இவ்வகையினர். பள்ளியின் சார்பில் ஒருவரை மட்டுமே அனுப்ப இயலும் என்னும்போது, ஆசிரியர் இருவரையும் ஓர் ஆட்டம் ஆடச் செய்து வென்றவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். தோற்ற மாணவர் தாம் திறமை குறைந்தவர் என்று நம்பிவிடுகிறார். சில சமயம் ஆட்டத்தையே கைவிட்டும் விடுகிறார். இம்முடிவு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைக் கணித முறையில் ஆராய இடமுண்டு. அந்த ஆராய்ச்சியின் பயனை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எளிதில் கையாளும் வண்ணம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஆட்டத்தின் போக்கு

சம வலிமையுடைய இருவர் ஆடும் ஆட்டத்தை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். முதற் பகுதியில் இருவரும் அறிந்த வழிகளிலேயே காய்கள் வெளிக்கொணரப்படுகின்றன. நடுவிலுள்ள கட்டங்களைச் சிப்பாய்கள் பிடிக்கின்றன. குதிரைகளும் மந்திரிகளும் தத்தம் இடங்களை அடைகின்றன. ராஜா கோட்டை கட்டிக்கொண்டு பாதுகாப்பாக ஒதுங்குகிறார். இப்பகுதியில் எவரும் எளிதில் தோற்பதில்லை. ஒருவர் அறிந்ததைப் பெரும்பாலும் மற்றவரும் அறிந்திருப்பார்.

இரண்டாம் பகுதியில் திட்டங்கள் மோதுகின்றன. ஒருவர் ராஜாவின் பக்கம் தாக்குவார். மற்றவர் ராணியின் பக்கம் சிப்பாய்களை முன்னேற்றுவார். இங்குச் சிறு பிழைகள் நேர்கின்றன. இருவரும் ஒரே தரத்தினராதலால், ஒருவர் செய்யும் பிழையை மற்றவர் சில சமயம் காண்பார். சில சமயம் காணமாட்டார். காணாமற் போன பிழை ஆட்டக் குறிப்பேட்டில் எந்த அடையாளமும் இன்றி மறைந்துவிடுகிறது.

மூன்றாம் பகுதியில் காய்கள் குறைந்து, கடிகாரத்தில் நேரமும் குறைந்து நிற்கும். போட்டி ஆட்டங்களில் இருவருக்கும் தனித்தனியே நேரம் அளந்து தரப்படுவதால், நடுப்பகுதியில் நெடுநேரம் சிந்தித்தவர் இறுதியில் விரைந்து ஆட வேண்டியவராகிறார். சங்கங்களில் நடைபெறும் ஆட்டங்களில் பல, இந்தக் கடைசி நிமிடங்களிலேயே முடிவாகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. திறமையில் மிகுந்த வேற்றுமை உள்ள இடத்தில் பிழைகளும் ஒரு பக்கமே குவிகின்றன. சமமானவர்களிடையே அவை இரு பக்கமும் பரவி நிற்கின்றன. அவற்றுள் எது கண்டுகொள்ளப்பட்டது, எது எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இதில் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதனோடு காயின் நிறமும் சேர்கிறது. வெள்ளைக் காய்களை உடையவர் முதலில் நகர்த்துகிறார். தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பெருந்தொகையாகத் திரட்டிப் பார்த்தால், 100 ஆட்டங்களில் வெள்ளை சுமார் 54 அல்லது 55 புள்ளிகள் பெறுவதைக் காணலாம். (வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரைப் புள்ளி என்பது கணக்கு.) ஆகவே ஒரே ஓர் ஆட்டம் என்பது, தொடங்கும்போதே சிறிது சாய்ந்து நிற்கும் தராசு போன்றது.

தில்லி கண்ட போட்டி

இவ்வினா சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் மட்டும் உரியதன்று. உலகப் பட்டத்திற்கான போட்டியிலும் இதே இக்கட்டு எழுந்ததைத் தில்லி மாநகர் 2000-ஆம் ஆண்டில் கண்டது.

ஃபிடே என வழங்கும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, அவ்வாண்டின் உலகப் பட்டப் போட்டியைப் புது தில்லியில் நவம்பர் மாத இறுதியில் தொடங்கியது. 100 ஆட்டக்காரர்கள் கலந்துகொண்டனர். தோற்றவர் வெளியேறும் முறையில் போட்டி நடைபெற்றது. தொடக்கச் சுற்றுகளில் ஒவ்வொரு இணையும் ஆட வேண்டிய நெடுநேர ஆட்டங்கள் இரண்டே. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு. இரண்டிலும் சேர்த்து ஆளுக்கு ஒரு புள்ளி என நின்றால், குறைந்த நேரத்தில் முடியும் விரைவாட்டங்கள் வைத்து முடிவு காணப்பட்டது.

மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்து, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விசுவநாதன் ஆனந்த், இப்போட்டியின் கால் இறுதியில் அலெக்ஸாண்டர் காலிஃப்மனைச் சந்தித்தார். காலிஃப்மன் 1999-இல் அதே பட்டத்தை வென்றவர். நெடுநேர ஆட்டங்கள் அவர்களைப் பிரித்துக் காட்ட இயலாமற் போகவே, விரைவாட்டங்களில்தான் ஆனந்த் வெற்றி பெற்றார். பின்னர் தெஹ்ரான் நகரில் நடந்த இறுதிப் பகுதியில் அலெக்ஸி ஷிரோவை 3½–½ என்ற கணக்கில் வென்று, 2000 டிசம்பர் 24 அன்று பட்டம் பெற்றார். பெண்களுக்கான போட்டியும் தில்லியில் நடைபெற்று, சீனாவின் ஷியே ஜுன் பட்டத்தைப் பெற்றார்.

இரண்டு ஆட்டங்களைக் கொண்ட ஒரு சுற்று எவ்வளவு தூரம் திறமையைப் பிரித்துக் காட்டும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மற்றவரைவிடச் சற்றே வலியவர். 100 ஆட்டங்களில் 57 வெல்லக்கூடியவர் என்க. எளிமைக்காகச் சமநிலைகளை விட்டுவிடுவோம். அப்போது இரு ஆட்டங்களையும் வலியவர் வெல்வது 100 சுற்றுகளில் சுமார் 33. ஆளுக்கு ஒன்றாக முடிவது 49. இரண்டையும் மெலியவரே வெல்வது 18. அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை வலியவர் விரைவாட்டத்திற்கும் வழியின்றி வெளியேறுவார். போட்டியைக் குறித்த நாட்களில் முடிக்க இம்முறை மிகவும் உதவுகிறது. ஆயினும் திறமையை அளக்கும் கருவி என்ற அளவில் இது நுட்பமானதன்று.

எலோ வகுத்த அளவுகோல்

இக்குறையை நீக்க ஒரு முறையை வகுத்தவர் ஆர்ப்பாட் எலோ என்பவர். 1903-இல் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய இவர், மில்வாக்கி நகரில் உள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகப் பணியாற்றினார். தாமும் ஒரு தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர். இவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்க அமைப்பு 1960-இலும், ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. ரேட்டிங் அல்லது தரப்புள்ளி என்று இன்று வழங்குவது இதுவே.

இம்முறையின் அடிப்படைக் கருத்து எளியது. ஒருவரின் ஆற்றல் நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஒரு நாள் நன்றாக ஆடுவார். மறுநாள் சோர்ந்து ஆடுவார். எனினும் அவை யாவும் ஒரு சராசரியைச் சுற்றியே அமைகின்றன. ஒரு மாவட்டத்தின் மழையளவை ஒரு நாள் மழைமானியைப் பார்த்து எவரும் கூறுவதில்லை. பல ஆண்டுகளின் சராசரியையே கொள்கிறோம். அதுபோல, ஆட்டக்காரரின் தரப்புள்ளியும் பல ஆட்டங்களின் வாயிலாக மதிப்பிடப்படும் சராசரியே ஆகும்.

இரண்டாவது கருத்து, முக்கியமானவை இருவரின் புள்ளிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமை மட்டுமே என்பது. அவ்வேற்றுமையைக் கொண்டு, ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஒவ்வொருவரும் எவ்வளவு புள்ளி பெறுவர் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். இதை எதிர்பார்ப்புப் புள்ளி என்போம். இரு புள்ளிகளின் வேற்றுமையை 400-ஆல் வகுத்து, அந்த எண்ணைப் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு இக்கணக்கைச் செய்கின்றனர். விவரம் வேண்டாதவர்கள் பின்வரும் அட்டவணையைப் பயன்படுத்தினால் போதும். இதில் காட்டப்படுவது வலியவரின் எதிர்பார்ப்புப் புள்ளி. அதை ஒன்றிலிருந்து கழித்தால் மெலியவருடையது கிடைக்கும்.

வேற்றுமை 0 – எதிர்பார்ப்பு 0.50
வேற்றுமை 25 – எதிர்பார்ப்பு 0.54
வேற்றுமை 50 – எதிர்பார்ப்பு 0.57
வேற்றுமை 100 – எதிர்பார்ப்பு 0.64
வேற்றுமை 150 – எதிர்பார்ப்பு 0.70
வேற்றுமை 200 – எதிர்பார்ப்பு 0.76
வேற்றுமை 300 – எதிர்பார்ப்பு 0.85
வேற்றுமை 400 – எதிர்பார்ப்பு 0.91

மூன்றாவது கருத்து, கணக்கும் நடைமுறையும் வேறுபடும்போது புள்ளியைத் திருத்துவது. ஆட்டத்தில் உண்மையாகப் பெற்ற புள்ளியிலிருந்து எதிர்பார்ப்புப் புள்ளியைக் கழித்து, மீதியை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிப் பழைய தரப்புள்ளியோடு கூட்ட வேண்டும். மீதி குறை எண்ணாயின் கழிக்க வேண்டும். பெருக்கும் எண்ணை மாற்றக் கெழு எனலாம். ஃபிடே தன் பட்டியலுக்குப் புதியவர்களுக்கு 40, பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு 20, ஒரு முறை 2400 புள்ளியை எட்டியவர்களுக்கு 10 என்று இதனை வைத்துள்ளது. புதியவரைப் பற்றி நாம் அறிந்தது குறைவாதலின் அவர் புள்ளி விரைந்து மாற இடம் தரப்படுகிறது. நன்கு அறியப்பட்டவரின் புள்ளி மெல்ல மாறுகிறது.

ஓர் உதாரணம்

அ என்பவருக்கு 1050 புள்ளியும், ஆ என்பவருக்கு 1000 புள்ளியும் உள்ளன என்று கொள்வோம். மாற்றக் கெழு 20. வேற்றுமை 50 ஆகையால் அ-வின் எதிர்பார்ப்பு 0.57, ஆ-வின் எதிர்பார்ப்பு 0.43.

அ வென்றால், அவர் பெற்றது 1. அதிலிருந்து 0.57 கழிக்க 0.43, அதை 20-ஆல் பெருக்க 8.6. முழு எண்ணாக்கினால் 9. ஆகவே அ 1059 ஆகிறார். ஆ 991 ஆகிறார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால், அ பெற்றது 0.5. எதிர்பார்ப்பைவிட 0.07 குறைவு. ஆகவே அ ஒரு புள்ளி இழக்கிறார். ஆ ஒரு புள்ளி பெறுகிறார்.

ஆ வென்றால், அவர் பெற்ற 1-இலிருந்து 0.43 கழிக்க 0.57; 20-ஆல் பெருக்க 11.4. ஆகவே ஆ 1011 ஆகிறார்; அ 1039 ஆகிறார்.

ஒரு தோல்வியால் எவரும் பட்டியலின் அடிக்குத் தள்ளப்படுவதில்லை என்பதையும், ஒரு வெற்றியால் எவரும் உச்சிக்கு ஏறிவிடுவதில்லை என்பதையும் இங்குக் கவனிக்கலாம். முடிவு கணக்கில் சேர்க்கப்படுகிறது. ஆனால் அதற்கு உரிய எடை மட்டுமே தரப்படுகிறது. கெழு இருவருக்கும் ஒன்றே ஆயின், ஒருவர் பெறுவதையே மற்றவர் இழக்கிறார் என்பதும் தெளிவு.

சிங்கப்பூரில் கணக்கும் முடிவும்

இம்முறையை உலகின் மிக உயர்ந்த மட்டத்தில் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு 2024-ஆம் ஆண்டில் கிட்டியது. சிங்கப்பூரில் நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியில், பட்டத்தை வைத்திருந்த சீனாவின் டிங் லிரனை, சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் எதிர்கொண்டார். தொடக்கத்தில் குகேஷின் தரப்புள்ளி 2783. டிங்கின் தரப்புள்ளி 2728. வேற்றுமை 55. நமது உதாரணத்தில் வரும் அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையேயுள்ள வேற்றுமையும் கிட்டத்தட்ட இதுவே.

அளவுகோலின்படி குகேஷின் எதிர்பார்ப்பு ஆட்டத்திற்கு 0.58. 14 ஆட்டங்களுக்குச் சுமார் 8.1 புள்ளி. உண்மையில் நேர்ந்தது என்ன? முதல் ஆட்டத்தை டிங் வென்றார். மூன்றாவதைக் குகேஷ் வென்றார். நான்காம் ஆட்டம் முதல் பத்தாம் ஆட்டம் வரை ஏழும் சமநிலை. பதினோராவதைக் குகேஷும், பன்னிரண்டாவதை டிங்கும் வென்றனர். பதின்மூன்றாவது சமநிலை. 13 ஆட்டங்களுக்குப் பின் இருவரும் 6½ – 6½ என்று நின்றனர்.

பதினான்காவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்புக் காய்கள். ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் மட்டுமே எஞ்சிய நிலை வரை ஆட்டம் நீண்டது. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆயினும் சரியாக ஆடினால் வெள்ளை தோல்வியைத் தவிர்க்கக்கூடிய நிலையே அது. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானைகளைப் பரிமாறிக்கொள்ள முன்வந்தார். யானைகள் அகன்றதும், மந்திரிகளையும் கட்டாயமாக மாற்றிக்கொள்ளக் குகேஷுக்கு வழி பிறந்தது. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சினால், கூடுதல் சிப்பாய் உள்ள கறுப்பு வெல்வது உறுதி. 58-ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் 7½ – 6½ என்ற கணக்கில் உலகப் பட்டம் பெற்றார்.

ஒரே ஒரு நகர்த்தல் பட்டத்தைத் தீர்மானித்தது. அது நேராதிருந்தால் இருவரும் 7–7 என நின்று, விரைவாட்டங்களுக்குச் சென்றிருப்பர். இனிக் கவனிக்கத்தக்கது தரப்புள்ளியின் தீர்ப்பு. எதிர்பார்க்கப்பட்டது 8.1, பெற்றது 7.5. வேற்றுமை குறை 0.6. கெழு 10 ஆதலால், உலகப் பட்டம் வென்ற குகேஷின் தரப்புள்ளி 6 குறைந்து 2777 ஆயிற்று! தோற்ற டிங்கின் புள்ளி 6 கூடி 2734 ஆயிற்று. முதன்முறை கேட்போருக்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் இரு கேள்விகளும் வேறு என்பதை உணர்ந்தால் முரண் நீங்கும். பட்டம், "இப்போட்டியில் வென்றவர் யார்?" என்ற கேள்விக்கு விடை. தரப்புள்ளி, "இவர் அடுத்த ஆட்டத்தில் எவ்வாறு ஆடுவார் என்று எதிர்பார்க்கலாம்?" என்ற கேள்விக்கு விடை. வெற்றிக்குரிய பெருமை வென்றவருக்கே உரியது. அதனை எந்தக் கணக்கும் குறைப்பதில்லை. அதே சமயம், தோற்றவர் தம் தரத்திற்கு மேலாகவே ஆடினார் என்ற உண்மையையும் கணக்கு மறைப்பதில்லை.

எத்தனை ஆட்டங்கள் தேவை?

ஆசிரியர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி இதுவாக இருக்கும்: ஓர் ஆட்டம் போதாது எனில், பத்து ஆட்டங்கள் போதுமா?

முற்றிலும் சமமான இருவர் பத்து ஆட்டங்கள் ஆடுவதாகவும், சமநிலை ஏதும் இல்லை என்றும் கொள்வோம். இது பத்து முறை நாணயம் சுண்டுவதை ஒத்தது. பத்தில் ஏழோ அதற்கு மேலோ ஏதேனும் ஒரு பக்கம் விழும் வாய்ப்பு 1024-இல் 352. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். ஆகவே ஒருவர் 7–3 என்று வென்றார் என்பதாலேயே அவர் வலியவர் என்று உறுதி கூற இயலாது. சமமானவர்களுக்கு இடையிலும் அது அடிக்கடி நேரக்கூடியதே.

சிறு வேற்றுமையை ஐயமின்றி அறிய எவ்வளவு ஆட்டங்கள் வேண்டும்? தரப்புள்ளியில் 50 வேற்றுமை உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் ஓர் ஆட்டம் சமநிலையில் முடிவதாகவும் கொள்வோம். புள்ளியியலார் வழக்கமாகக் கையாளும் உறுதி அளவை எட்ட, அவர்கள் தங்களுக்குள் சுமார் 160 ஆட்டங்கள் ஆட வேண்டும். வாரத்திற்கு ஓர் ஆட்டம் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் இருவரின் திறமையும் மாறியிருக்கும்! வேற்றுமை 200 ஆக இருந்தால், பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே அதனை வெளிப்படுத்திவிடும்.

இதனால் பெறப்படும் முடிவு நேர்மையானது, சற்றே அசௌகரியமானதும்கூட. சம வலிமையுடைய இருவரில் உயர்ந்தவர் யார் என்ற கேள்விக்குச் சில ஆட்டங்களைக் கொண்டு விடை கூற முயல்வதைவிட, அவர்கள் சமமானவர்கள் என்று ஏற்றுக்கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது.

பள்ளியிலும் அலுவலகத்திலும்

தில்லியில் சதுரங்கப் போட்டிகளுக்குக் குறைவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான பண்பாட்டு, விளையாட்டு வாரியம் அமைச்சகங்களுக்கு இடையே நடத்தும் விளையாட்டுகளில் சதுரங்கமும் ஒன்று. தில்லியில் நடைபெறும் சர்வதேசத் திறந்த போட்டியில், தரப்புள்ளி வரம்புகளை வகுத்துத் தனித்தனிப் பிரிவுகளாகவும் ஆட்டங்கள் நடத்தப்படுகின்றன. ஒத்த தரத்தினர் ஒத்த தரத்தினரோடு ஆட இது வழிசெய்கிறது. இதே நன்மையைச் சிறிய அளவில் எந்தப் பள்ளியும், எந்த அலுவலகச் சங்கமும் அடையலாம். ஒரு நோட்டுப் புத்தகமும், மேலே தந்த அட்டவணையும் போதும்.

முதலாவதாக, பதிவேட்டில் எல்லோருக்கும் 1000 புள்ளி எனத் தொடங்குக. முதற் பத்து ஆட்டங்களுக்குக் கெழு 40 என்றும், பிறகு 20 என்றும் வைத்துக்கொள்க. இருவரில் ஒருவர் மட்டும் புதியவராயின் அவரவர்க்கு உரிய கெழுவைக் கொண்டே கணக்கிடுக.

இரண்டாவதாக, ஒரே இணை ஆடும்போது நிறங்களை மாறி மாறித் தருக. இரு ஆட்டங்களை ஓர் அலகாகக் கொள்வது நலம். நகர்த்தல்களை எழுதிவைக்கும் பழக்கத்தையும் ஏற்படுத்துக. தோல்விக்குக் காரணமான இடம் எது என்பது பதிவிலிருந்தே தெரியவரும்.

மூன்றாவதாக, ஒரு நாளில் பல ஆட்டங்கள் நடந்தால், அன்று காலையில் இருந்த புள்ளியைக் கொண்டே எல்லாவற்றையும் கணக்கிட்டு மாலையில் திருத்துக.

நான்காவதாக, தேர்வு செய்ய வேண்டிய நேரத்தில் இருவரிடையே 50 புள்ளிக்கும் குறைவான வேற்றுமை இருந்தால், அவர்களைச் சமமானவர்களாகவே கருதுக. இம்முறை ஒருவரை அனுப்பினால் அடுத்த முறை மற்றவரை அனுப்பலாம். அல்லது எல்லோரும் அறியச் சீட்டுக் குலுக்கலாம். குலுக்கலில் வாய்ப்பை இழந்த மாணவர் தம்மைத் தாழ்ந்தவர் என்று எண்ணுவதில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்று இழந்தவர் அவ்வாறு எண்ணுகிறார். இரண்டிலும் தற்செயல் உண்டு. முன்னதில் அது வெளிப்படையாக நிற்கிறது என்பதே வேற்றுமை.

அளவுகோலின் எல்லைகள்

எந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. ஒரு பள்ளியில் 1100 புள்ளி பெற்றவரும் மற்றொரு பள்ளியில் 1100 புள்ளி பெற்றவரும் சமமானவர் என்று கருதலாகாது. நில அளவையாளர் இரு கிராமங்களில் தனித்தனியே ஒரு கல்லை நட்டு, அதைப் பூச்சியமாகக் கொண்டு மட்டம் எடுத்தால், ஒரு கிராமத்துக்குள் உயரங்களை ஒப்பிடலாம். இரு கிராமங்களை ஒப்பிட முடியாது. இடையே ஒரு பொது மட்டக்குறி வேண்டும். சதுரங்கத்தில் அந்தப் பணியைச் செய்வன பள்ளிகளுக்கு இடையேயான ஆட்டங்களும், பொதுப் போட்டிகளுமே.

வளரும் பிள்ளைகளின் திறமை அவர்களுடைய புள்ளியைவிட விரைவாக வளர்வதும் உண்டு. ஃபிடே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அவர்கள் 2300 புள்ளிக்குக் கீழ் இருக்கும் வரை, கெழுவை 40 என வைத்திருப்பது இதனாலேயே. ஆகவே பதிவேட்டைப் பார்க்கும் ஆசிரியர் எண்ணை மட்டுமன்றி, அது ஏறும் போக்கையும் பார்க்க வேண்டும். மேலும், பரிசு கருதித் தாழ்ந்த பிரிவிலேயே தங்குவதற்காக வேண்டுமென்றே தோற்போரும் சில இடங்களில் உண்டு. எண்ணைப் பரிசாக்கும் இடமெல்லாம் இத்தீமை தலைகாட்டும். பள்ளிப் பதிவேட்டில் உயர்ந்த எண்ணுக்குப் பரிசோ, தாழ்ந்த எண்ணுக்கு ஏளனமோ கூடாது.

பிற துறைகளில் பயன்

ஒப்பிட்டு அளக்கும் இம்முறை சதுரங்கத்தோடு நிற்பதல்ல. இதே வடிவிலான கணக்கைப் பிராட்லி, டெர்ரி என்ற இரு புள்ளியியலார் 1952-இல் விரிவாக வெளியிட்டனர். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் நாடுகளின் தரவரிசையை 2018 முதல் எலோவின் அடிப்படையிலேயே கணக்கிடுகிறது.

களப்பணியாளர்களுக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. எட்டு நெல் ரகங்களின் சோற்றைச் சுவைத்து வரிசைப்படுத்துமாறு கிராமத்தவரைக் கேட்டால் அவர்கள் திகைப்பர். இரண்டிரண்டாக வைத்து, "இவற்றில் எது நன்று?" என்று கேட்டால் தயக்கமின்றி விடை கூறுவர். அவ்விடைகளை ஆட்டங்களின் முடிவுகளாகக் கொண்டு ஒவ்வொரு ரகத்திற்கும் ஒரு புள்ளி காணலாம். ஆயின் அங்கும் எச்சரிக்கை ஒன்றே: ஒரு வீட்டில் ஒருவர் கூறிய விடையைக் கொண்டு ஒரு ரகத்தை உயர்ந்தது என்று அறிவித்துவிடக் கூடாது. எந்த ரகத்தை முதலில் சுவைக்கத் தந்தோம் என்பதும் விடையைச் சாய்க்கக் கூடும். ஆகவே வெள்ளை, கறுப்பை மாற்றித் தருவதுபோல வரிசையையும் மாற்றித் தர வேண்டும்.

சுருங்கக் கூறின், வேற்றுமை பெரிதாக இருக்கும் இடத்தில் சில சோதனைகள் போதும்; வேற்றுமை சிறிதாக இருக்கும் இடத்தில் மிகப் பல வேண்டும்; அவ்வளவு சோதனைகளுக்கு வசதி இல்லாத இடத்தில், இரண்டும் சமம் என்று கூறத் தயங்கலாகாது. தம் மாணவர்களின் ஆட்டங்களை ஓராண்டுக் காலம் பதிவு செய்து பார்க்கும் ஆசிரியர் இவ்வுண்மையைத் தாமே காண்பார். ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்தில் தோற்றதால் ஒதுக்கப்பட இருந்த பிள்ளை, ஆண்டு இறுதியில் பதிவேட்டின் எந்த வரியில் நிற்கிறது என்பதை அவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.